ஒரு பம்பு எத்தனை நாள் வரும்?

ஆஸ்துமாவுக்கு மூச்சில் இழுக்கும் 200 அடி பம்பு ஒன்றை, அதாவது 200 தடவை அழுத்தி இழுக்கக்கூடிய இன்ஹேலரை, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று இழுத்தால் 100 நாள் வரும். 120 அடி உள்ளதானால் 60 நாள். 30 காப்ஸ்யூல் உள்ள டப்பா 15 நாளில் தீர்ந்துவிடும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டு, பெட்டியின் விலையை நாட்களால் வகுத்து, 'ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று வட்டமிட்டுக் காட்டிவிட்டுத்தான் சீட்டைத் திருப்பி மருந்தின் பெயரை எழுதுவேன். காரக்கோணத்தைச் சுற்றிய ஊர்களில் ஆஸ்துமா பார்த்துப் பார்த்து வந்துசேர்ந்த பழக்கம் இது. பெட்டியின் விலையைக் கேட்டதும் எழுந்து போகப் பார்ப்பவர், நாள் விலையைக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார். ஒரு சாயாவுக்கும் ஒரு கட்டு பீடிக்கும் என்ன கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

இது எல்லை நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அன்றைய சென்னை மாநிலத்தோடு போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் பக்கம் காரக்கோணம், பாறசாலை, வெள்ளறடை. அந்தப் பக்கம் பனச்சமூடு, களியக்காவிளை. அண்ணனுக்குக் கேரள ரேஷன் கார்டும் தம்பிக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் உள்ள குடும்பங்கள் இங்கே சாதாரணம். ஆனால் இருவருக்கும் முட்டு, அதாவது மூச்சுமுட்டல், வருவது ஒரே வாரத்தில். இடவப்பாதி மழை இறங்கியதும் ஒரு கூட்டம், ஐப்பசி அடைமழையில் இன்னொரு கூட்டம். ஈரச்சுவரில் பூஞ்சை, காயாத மெத்தை, ஜன்னலை அடைத்துவிட்டு ஏற்றிய கொசுவர்த்தி, நனைந்த விறகின் புகை, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் சளி. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்குக் குளிர்காற்றும் சேரும். ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் நிற்பவருக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்தப் புகையே போதும்.

வந்து உட்கார்ந்ததும் பலரும் முதலில் சொல்வது இதுதான்: "சாரே, பம்பு வேண்டாம். குளிகை தந்தாப் போரும். பம்பு அடிச்சுப் பழகினா பின்னெ விட முடியாதாமே."

அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. எண்ணைக் காட்டுவேன். சால்பியூட்டமால் பம்பில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து 4 மில்லிகிராம் குளிகையாக வருகிறது. அதாவது 4000 மைக்ரோகிராம். ஒரு குளிகை 40 அடிக்குச் சமம். பம்பிலிருந்து போவது நேரே மூச்சுக்குழாய்க்கு. குளிகை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, மிச்சம் மீதிதான் நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அந்தச் சுற்றுப்பயணத்தின் கூலி. ஸ்டீராய்டிலும் இதே கதை. பியூடசோனைடு 200 மைக்ரோகிராம் பம்பைக் காலையும் ராத்திரியும் இழுத்தால் நாளுக்கு 400 மைக்ரோகிராம். சிலர் கடையில் தாங்களே கேட்டு வாங்கி விழுங்கும் பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் குளிகையில் 10,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, வேறு வீரியம். எடையை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் மாதக்கணக்கில் அதை விழுங்கி முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து வருகிறவர்களைப் பார்த்தவனுக்கு அந்த எண் போதும். 'பம்பு வீரியம் கூடினது, குளிகை சாது' என்று ஊரே நம்புகிறது. உண்மை நேர் எதிர்.

ஆஸ்துமாவில் இரண்டு காரியம் நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. குழாயின் உள்சுவர் அழற்சியால் வீங்கிச் சளி கசிகிறது. சால்பியூட்டமால் முதலாவதை மட்டும் நாலைந்து மணி நேரத்துக்குத் தளர்த்தும். மழைக்காலத்தில் ஊதிப்போன மரக்கதவுக்கு எண்ணெய் விட்டால் கீல் கிறீச்சிடுவது நிற்கும், கதவு மூடாது. வீக்கத்தை இறக்க உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் வேண்டும். அது இழுத்த உடனே ஒன்றும் தெரியாது. நாலு நாள், ஒரு வாரம் என்று மெல்லத்தான் வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய பொருள் உடனே பலன் காட்டாவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதனால் சால்பியூட்டமால் உள்ள நீலப் பம்பு தீர்ந்து தீர்ந்து வாங்கப்படும். ஸ்டீராய்டு பம்பு பாதியில் அலமாரியில் கிடக்கும்.

அந்த அலமாரிப் பம்பின் மதிப்பைச் சொல்லக் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்குத் துணை. சாமி சுவிஸ்ஸாவும் கூட்டாளிகளும் 2000-ல் வெளியிட்டது. முந்தைய ஓராண்டில் ஒருவர் பயன்படுத்திய குறைந்த அளவு ஸ்டீராய்டு பம்பின் எண்ணிக்கை ஒன்று கூடும்போதெல்லாம் ஆஸ்துமாவால் சாகும் விகிதம் 21 சதவீதம் குறைந்தது. எதிர்ப்பக்கக் கணக்கைப் பிரிட்டன் 2014-ல் சொன்னது. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த தேசிய ஆய்வு அது. நிவாரணப் பம்பு எழுதப்பட்டிருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசி ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட பம்புகள் எழுதப்பட்டிருந்தன. எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் என்னைப் போன்ற பொதுமருத்துவர்கள். அங்கே எத்தனை எழுதினோம் என்று கணக்காவது இருந்தது. இங்கே சீட்டில்லாமலே கடையில் நீலப் பம்பு கிடைக்கும். களியக்காவிளையில் ஒன்று, பாறசாலையில் ஒன்று, மார்த்தாண்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒன்று. எண்ணுவது யார்? அதனால் தீர்ந்த பம்புகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்கிறேன். வருடத்தில் மூன்றைத் தொட்டாலே எச்சரிக்கை என்பது உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினாவின் கணக்கு. மேசையில் வரிசையாக அடுக்கி வைத்தால் வீட்டுக்காரிக்கே விஷயம் புரிந்துவிடும். நான் பேச வேண்டியதில்லை.

இந்தியா முழுவதுக்கும் இந்தக் கணக்கு இப்படித்தான். 2019-க்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி இங்கே ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3.4 கோடி; உலகத்தில் உள்ளவர்களில் 13 சதவீதம். ஆஸ்துமா சாவுகளில் நம் பங்கோ 40 சதவீதத்துக்கும் மேல். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயானால் விதி என்று விட்டுவிடலாம். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு 1972 முதல் சந்தையில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. முட்டுக்கு மருந்தை உள்ளே இழுப்பதென்பது நமக்கு அந்நியச் சமாச்சாரம் இல்லை. உலர்ந்த ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தைச் சென்னைப் பட்டணத்தில் கண்டு 1802 வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட் விற்றது. ஊமத்தையில் இருந்த அட்ரோபின் வகைச் சத்திலிருந்து வேதியியலார் பின்னால் செய்தெடுத்தவைதான் இன்று பம்பில் வரும் இப்ராட்ரோபியமும் டையோட்ரோபியமும். ஆடாதோடைக்கும் அப்படி ஒரு வம்சம் உண்டு: அதன் வாசிசினிலிருந்து புரோம்ஹெக்சின், அதிலிருந்து ஆம்ப்ராக்சால். ஆடாதோடைக் கஷாயம் குடிக்கும் அம்மச்சியிடம் 'அதை நிறுத்து' என்று நான் சொல்வதில்லை. 'பம்பையும் இழு' என்பேன். ஊமத்தையை மட்டும் தொடவிடமாட்டேன். அது விஷம்.

இனி சீட்டின் முன்பக்கம். ஆஸ்துமாவில் செலவைக் குறைப்பதென்றால் மலிவான மருந்தைத் தேடுவது என்று புதிதாக வரும் மருத்துவப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சீட்டில் வேண்டாத வரிகளை அடிக்கச் சொல்வேன். வேறெங்கோ எழுதிய சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு இருமல் சிரப், ஒரு ஆன்டிபயாடிக், மான்டெலூகாஸ்டும் அலர்ஜி மருந்தும் சேர்ந்த குளிகை, தியோஃபிலின் வகைக் குளிகை ஒன்று, ஒரு வைட்டமின், கடைசி வரியில் நீலப் பம்பு. சளி மஞ்சளாக இருப்பதால் மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. ஆஸ்துமாச் சளியும் மஞ்சளாகும். சிரப் அழற்சியைத் தொடாது. தியோஃபிலின் மலிவுதான், ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது, கூடவே சில ஆன்டிபயாடிக் சேர்ந்தால் அந்த இடைவெளியும் போய்விடும். மான்டெலூகாஸ்டுக்குச் சிலரிடம் இடமுண்டு, மூக்கொழுக்கு கூடவே உள்ள பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் மனக்குழப்பம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை போகக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020 மார்ச்சில் அதற்குப் பெட்டி எச்சரிக்கை போடவைத்தது. மிட்டாய் போல எழுதும் மருந்தல்ல. இத்தனையையும் அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். அடித்த வரிகளின் காசிலேயே அந்தச் சீட்டில் இல்லாத ஒரே மருந்தை, ஸ்டீராய்டு பம்பை, பெரும்பாலும் வாங்கிவிடலாம்.

எந்தப் பம்பு என்பதில் 2019-க்குப் பிறகு என் கை மாறிவிட்டது. அந்த ஆண்டு ஜினா, நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்காதே என்று சொன்னது. அதன் பின்னே பியூடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த பம்பைத் தேவைப்படும்போது இழுத்துப் பார்த்த ஆய்வுகள் இருந்தன. ஃபார்மோடெரால் சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும். அதோடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போகும். ஒரு பம்புக்கு மட்டும்தான் காசு என்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. முட்டு வரும்போது ஓடி எடுக்கும் பம்பே மருந்தாகவும் ஆகிவிடுகிறது. மறதியும் சோம்பலும் பாதி தோற்றுவிடும். ஒரே ஒரு எச்சரிக்கையைச் சிவப்பு மையில் எழுதுவேன். சால்மெடெரால் சேர்ந்த பம்பு பார்க்க இதே மாதிரி இருக்கும், அது மெதுவாகத்தான் திறக்கும். முட்டுக்கு அதை இழுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கடையில் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதே.

மாற்றிக் கொடுப்பதில் இன்னொரு வகையும் உண்டு: மருந்து அதே, கருவி வேறு. செலவு மிச்சம் பிடிக்க நோயாளியிடம் பேசாமலே பம்பின் கருவியை மாற்றிய பிரிட்டிஷ் பொதுமருத்துவர் கிளினிக்குகளில் நோய்க் கட்டுப்பாடு குலைந்தது என்று 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆச்சரியமே இல்லை. அழுத்தும் பம்பை மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். பொடிக் காப்ஸ்யூல் கருவியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஒன்றுக்குப் பழகியவர் கையில் மற்றதைக் கொடுத்தால் மருந்து நாக்கில் தங்கும். எங்கள் ஊர் மழையில் பொடிக் காப்ஸ்யூல் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கவும் செய்யும். காப்ஸ்யூலைக் கருவியில் போடாமல் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, காப்ஸ்யூல் என்றால் விழுங்குவதுதானே உலக வழக்கம். மலிவு மருந்தகத்தில் வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள், ஆனால் கருவி மாறினால் அதையும் எடுத்துக்கொண்டு என்னிடம் ஒருமுறை வாருங்கள் என்பது என் ஏற்பாடு. அந்த வருகைக்கு ஃபீஸ் கிடையாது.

இழுக்கச் சொல்லிக் கொடுப்பது எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். மூச்சை முழுக்க விடு, வாயில் வை, இழுக்கத் தொடங்கும்போது அழுத்து, மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை பிடி, பின்னர் வாய் கொப்பளித்துத் துப்பு, இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் படரும். கைக்கும் மூச்சுக்கும் தாளம் சேராதவர்களுக்கு ஸ்பேசர் வேண்டும். அது விலை என்றால் அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் போதும். அடிப்பக்கத்தில் பம்பின் வாய் கச்சிதமாக நுழையும்படி ஓட்டை போட்டு, சுற்றிலும் காற்றுப் போகாமல் ஒட்டி, பாட்டிலின் வாயில் மூச்சு இழுப்பது. கேப்டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவர் 1999-ல் இதைப் பிள்ளைகளிடம் சோதித்து, அடைத்து ஒட்டிய பாட்டில் கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று லான்செட்டில் எழுதினார். பாட்டிலைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவைக்க வேண்டும்; துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். என் அறையில் ஒரு மூலையில் எப்போதும் காலிப் பாட்டில்கள் இருக்கும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் அதைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்கள், பழகிவிட்டது.

விலைக்கட்டுப்பாட்டைப் பற்றி இரண்டு சொல். பியூடசோனைடும், பியூடசோனைடு–ஃபார்மோடெரால் கூட்டும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. நல்லது. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை ஆணையம் எட்டு பழைய மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்தியது. அதில் சால்பியூட்டமால் குளிகையும் உண்டு. பழைய விலைக்குத் தயாரிக்கக் கட்டுப்படியாகவில்லை என்பது கம்பெனிகளின் வாதம். பத்திரிகைகள் ஏழைகள் வயிற்றில் அடி என்று எழுதின. எனக்கு வருத்தம் வரவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிகை சந்தையிலிருந்தே போனாலும் ஆஸ்துமாக்காரனுக்கு நஷ்டமில்லை, பம்பு அவன் கைக்கு எட்டுமானால்.

எட்டுகிறதா? தமிழ்நாட்டுக்கு 1994 முதல் மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே முன்மாதிரி. அதைப் பார்த்துக் கேரளம் 2007-ல் தன் கழகத்தைத் தொடங்கியது. 2017-ல் வந்த ஆர்த்ரம் மிஷனில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறின. அங்கே 'சுவாஸ்' என்ற பெயரில் ஆஸ்துமாவுக்கும் புகையால் வரும் நுரையீரல் அடைப்புக்கும் தனிக் கிளினிக் வந்தது. ஊதிப் பார்த்து அளந்து, பம்பு கொடுக்கும் கிளினிக். கேரள கார்டு உள்ள அண்ணனை அங்கே அனுப்புகிறேன். தமிழ்நாட்டு கார்டு உள்ள தம்பிக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுவாசலுக்கே வருகிறது. ஆனால் அதன் முதன்மை நோக்கம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். பம்பையும் அந்தப் பையில் முறையாகச் சேர்த்துவிட்டால் விளவங்கோட்டுப் பக்கத்தில் மழைக்கால ராத்திரிகள் மாறிப்போகும் என்பது என் எண்ணம்.

காரக்கோணத்தில் 2002-ல் தொடங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் பெயரில் இருக்கிறது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த அறுவை மருத்துவர். எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924 ஜூன் 4 அன்று கூட்டாளி நார்ட்டனோடு ஏறக்குறைய 28,000 அடி வரை ஆக்ஸிஜன் இல்லாமல் ஏறிவிட்டு இறங்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்து அவருக்கு மூச்சு நின்றுபோனது. முன்னால் போன நார்ட்டன், இவர் படம் வரைய உட்கார்ந்துவிட்டார் என்றுதான் நினைத்தாராம். சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், இரு கைகளாலும் நெஞ்சை அமுக்கிக் கடைசியாக ஒரு தடவை இருமியதில் அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்தது; குளிரில் கருகிய குரல்வளையின் உட்தோல் அது. மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கேட்பேன்: அந்த நேரத்தில் அவரிடம் ஒரு மூச்சுக்கு என்ன விலை கேட்டாலும் கொடுத்திருக்கமாட்டாரா? முட்டு வந்த ராத்திரியில் எந்த வீடும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஜீப் பிடிக்கிறார்கள், கம்மலை அடகு வைக்கிறார்கள், ஐ.சி.யூ.வுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். கஞ்சத்தனம் எல்லாம் மூச்சு நன்றாக இருக்கும் நாட்களில், அந்த 100 நாள் பம்பின் மேல்தான்.

அரசாங்கக் காப்பீடும் அந்த வீட்டுக்காரரைப் போலவே யோசிக்கிறது. எல்லைக்கு இரு பக்கமும் ஐந்து லட்சம் வரை அட்டை இருக்கிறது. படுக்கையில் அட்மிட் ஆனால் செல்லும். படுக்கைக்குப் போகாமல் தடுக்கும் பம்புக்கு அந்த அட்டை செல்லாது. ஃபின்லாந்து 1994 முதல் பத்தாண்டு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. பொதுமருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் பயிற்சி, ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு பம்பு. மருந்துச் செலவு கூடியது. ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மருந்துச் செலவை மட்டும் தனியாகப் பார்க்கும் அதிகாரி அந்தத் திட்டத்தை முதல் வருடத்திலேயே நிறுத்தியிருப்பார்.

மிச்சம் பிடிக்க எனக்கு இன்னொரு வழியும் உண்டு, அதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று மாதம் ராத்திரி எழாமல், நீலப் பம்பைத் தேடாமல் கழித்தால் ஸ்டீராய்டின் அளவைப் பாதிவரை குறைத்துப் பார்க்கலாம். பல பேர் என்னைக் கேட்காமல் தாங்களே முழுசாக நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பதில் 'குறைக்கலாம், தேதி நான் சொல்கிறேன்' என்று முதல் நாளே சொல்லி வைத்தால் திரும்பி வருகிறார்கள்; பம்பைப் பழகினால் விட முடியாது என்ற பயமும் அங்கேயே பாதி தீர்ந்துவிடும். தேதி குறிப்பதில் மட்டும் பேரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மே மாதம் எவ்வளவு சுகமாக இருந்தாலும் இடவப்பாதிக்கு முன்னால் குறைக்கமாட்டேன். ஐப்பசி மழையும் போய், சளிக்காலம் அடங்கி, தை பிறந்த பிறகு வரச் சொல்வேன். பால்வெட்டுக்காரர்களுக்கு அது தோதான காலம்; மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கும், விடியற்காலைக் குளிருக்குப் போக வேண்டாம். காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்பதை ராத்திரி ஒன்று மட்டும் என்று மாற்றி, சீட்டின் பின்பக்கம் புதுக் கணக்கு எழுதுவேன்: 200 அடி, 200 நாள்.